நாய் ஜாக்கிரதை!

இரும்புக் கதவு. அதில் ஒரு தகரப் பலகை. பலகையில் சிவப்பு எழுத்தில் ‘நாய் ஜாக்கிரதை’. உள்ளே, மாடிப்படிக்கு அடியில், இரண்டு முழச் சங்கிலியில் கறுத்த, உயரமான ஒரு நாய். முகத்திலும் மார்பிலும் கால்களிலும் செம்பழுப்புப் புள்ளிகள். கதவு கிரீச்சிட்டால் போதும். பின்னங்கால்களில் எழும்பி நின்று, சங்கிலி கழுத்தை இறுக்க இறுக்கக் குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நகர்கிறார். பால்காரர் தெருவிலிருந்தே குரல் கொடுக்கிறார். வீட்டுக் குழந்தைகளும் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டுக்காரருக்கோ ஏகத் திருப்தி. ‘டாபர்மேன் என்றால் சும்மாவா?’ என்கிறார்.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரின் புறநகர்ப் பகுதியிலும் காணக்கூடிய காட்சிதான் இது. ஜாதி நாய் வளர்க்கும் ஆசை பெருகியிருக்கிறது. திருட்டுப் பயமும் இருக்கிறது. ஆகவே காவலுக்கு நாய் தேடுவோர் டாபர்மேனை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கி வந்த அந்தப் பிராணி எதற்காக உண்டாக்கப்பட்டது, அதற்கு வேண்டியது என்ன என்பதை அறிந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? அறியாமல் வாங்கி, சங்கிலியில் கட்டி, அது முரடாகிப் போன பிறகு ‘ஜாதிக் குணம்’ என்று பழி போடுவது எந்த விதத்தில் நியாயம்?

டாபர்மேன் கட்டி வைப்பதற்கு ஏற்பட்ட நாய் அன்று. கூடவே இருப்பதற்கு ஏற்பட்ட நாய். இந்த ஒன்றை மறப்பதிலிருந்துதான் எல்லாத் தொல்லைகளும் ஆரம்பமாகின்றன.

வரி வசூலித்தவரின் துணை

ஜெர்மனியில், தூரிங்கியா மாநிலத்தில், அபோல்டா என்று ஒரு சிறு நகரம் உண்டு. மணி வார்ப்பதில் பெயர் பெற்ற ஊர். கொலோன் நகரப் பேராலயத்தின் மிகப் பெரிய மணி 1923-ல் வார்க்கப்பட்டது இங்கேதான். அந்த ஊரில் வாழ்ந்தவர் கார்ல் பிரீட்ரிக் லூயி டோபர்மன் (1834–1894). வரி வசூலிப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் உரிமையும் அவரிடம் இருந்தது.

வரி வசூலிக்க வருகிறவரை எந்த ஊரில்தான் மாலை போட்டு வரவேற்பார்கள்? பணப் பையோடு ஊர் ஊராகப் போகும் மனிதருக்குத் துணை தேவை. அதற்கென்றே, தம் கைக்கு வந்த நாய்களில் சுறுசுறுப்பும் துணிவும் உள்ளவற்றைப் பொறுக்கிச் சேர்த்து அவர் ஒரு புது ஜாதியை உண்டாக்கினார் என்பது வரலாறு. எந்த ஜாதியை எதனோடு சேர்த்தார் என்று அவர் குறிப்பு எழுதி வைக்கவில்லை. அவருக்குப் பிறகு அதே ஊரைச் சேர்ந்த ஓட்டோ கோலர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 1899-ல் இந்த ஜாதிக்கென ஒரு சங்கமும் பிறந்தது. உண்டாக்கியவரின் பெயரையே தாங்கி நிற்கும் ஜெர்மானிய நாய் ஜாதி இது ஒன்றுதான்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வரி வசூல்காரர் தம் நாயை வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போகவில்லை. கூட அழைத்துக்கொண்டு போனார். எஜமானின் காலடியை ஒட்டி நடப்பது, அவர் முகத்தைப் பார்த்து அவர் மனத்தை அறிவது, அவருக்கு ஆபத்து என்றால் குறுக்கே பாய்வது ஆகிய குணங்களுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது இந்த ஜாதி. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போனால்கூட டாபர்மேன் பின்னாலேயே வரும். அதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் வேறு நாய் பார்ப்பது நலம்.

போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு

‘இது இயற்கையிலேயே கொடிய நாய்’ என்று சொல்வோருக்கு ஒரு பழைய செய்தி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் நாய்களைப் போர்க்களத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை டாபர்மேன்கள். பல நாய்கள் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலிருந்து மனமுவந்து கொடுத்தவை. 1944 ஜூலையில் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவை மீட்கும் போரில் அவை படையினருக்கு முன்னால் சென்று, புதர்களில் மறைந்திருந்த எதிரிகளைக் காட்டிக் கொடுத்தன. இரவில் பதுங்கு குழிகளைக் காத்தன. அந்தத் தீவில் உயிர் விட்ட 25 நாய்களின் பெயர்களைப் பொறித்து, 1994-ல், ஐம்பதாம் ஆண்டு நிறைவில், அங்கே நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மேலே அமர்ந்திருப்பது ஒரு டாபர்மேனின் வெண்கல உருவம்.

அதைவிட முக்கியமானது போருக்குப் பின் நடந்ததுதான். போர் முடிந்ததும், சண்டைக்குப் பழக்கிய இந்த நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கொன்றுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவற்றோடு இருந்த மிருக வைத்தியர் வில்லியம் புட்னி போன்றவர்கள் அதை ஒப்பவில்லை. நாய்களை மெல்ல மெல்ல மீண்டும் வீட்டு வாழ்க்கைக்குப் பழக்கினார்கள். சுமார் 550 நாய்களில், பழக்க முடியாமல் போனவை நான்கே நான்கு. மற்றவை குடும்பங்களுக்குத் திரும்பின.

துப்பாக்கிச் சத்தத்தையும் குண்டுகளையும் கண்டு வந்த நாய், அன்பான கைகளில் மறுபடியும் வீட்டு நாயாக முடியும். மாடிப்படிக்கு அடியில் கட்டிப் போட்ட குட்டியோ, போரே காணாமல் கொடியதாகிவிடும். குற்றம் பிறப்பிலா, வளர்ப்பிலா?

சங்கிலி காவல் காக்குமா?

‘வீட்டுக்குள் விட்டால் செல்லமாகிவிடும், பிறகு எப்படிக் காவல் காக்கும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோல் தோன்றினாலும் இது தவறான கணக்கு.

நாய் தனக்கு உரியது என்று நினைப்பதைத்தான் காக்கும். குடும்பத்தோடு வாழும் நாய்க்கு யார் வீட்டு மனிதர், யார் வந்து போகும் விருந்தினர், யார் வரக்கூடாத வேளையில் வந்தவர் என்பது தெரியும். அது குரைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. கட்டிக் கிடக்கும் நாயோ காகத்தைக் கண்டாலும் குரைக்கும், கறிகாய்க்காரியைக் கண்டாலும் குரைக்கும். பத்து நாளில் வீட்டார் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள். உண்மையான திருடன் வந்து குரைக்கும்போதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். மேலும் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது திருடனுக்கும் தெரியும்.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நாயை நினைத்தபடி கட்டிப் போட இடம் தரவில்லை. தகாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான உடற்பயிற்சி தராமலிருப்பதும் குற்றம். தேவையில்லை என்று தெருவில் விட்டுவிடுவதும் குற்றம். அந்தப் பலகையை மாட்டுகிறவர்களில் இதை அறிந்தவர் சிலரே.

‘நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்...’ என்று பழமொழி சொல்வார்கள். டாபர்மேன் விஷயத்தில் பழமொழியைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். அதை நடு வீட்டில் வைத்தால்தான் அது நல்ல நாய்.

என்ன செய்ய வேண்டும்?

வளர்ந்த ஆண் டாபர்மேன் 68 முதல் 72 சென்டிமீட்டர் உயரமும், 40 முதல் 45 கிலோ எடையும் உள்ளது. பெண் அதைவிடச் சற்றுச் சிறியது. இவ்வளவு பெரிய, இவ்வளவு வேகமான பிராணிக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடையும் ஓட்டமும் வேண்டும். இதை வேலைக்காரப் பையனிடம் தள்ளிவிட்டால் நாய் அவனுக்குத்தான் சொந்தமாகும்.

ஓடுவது உடம்புக்கு. மூளைக்கும் வேலை வேண்டும். கனடாவின் உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 1994-ல் எழுதிய நூலில், சொன்னதைக் கற்றுக்கொள்ளும் திறமையில் டாபர்மேனுக்கு ஐந்தாம் இடம் கொடுத்தார். நாலைந்து முறை சொன்னாலே பிடித்துக்கொள்ளும் நாய் இது. ஆனால் நல்லதைக் கற்கும் வேகத்தில் கெட்டதையும் கற்றுக்கொள்ளும். வந்தவர்மேல் பாய்ந்ததும் வீட்டார் சிரித்து மகிழ்ந்தால், பாய்வது நல்ல காரியம் என்று அது முடிவு கட்டிவிடும்.

தமிழ் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லோரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். நாயிடம் மட்டும் ஆங்கிலம்! அப்பா ‘சிட்’ என்பார், பாட்டி ‘உட்காருடா’ என்பார், பையன் ‘டவுன்’ என்பான். மூன்றும் ஒன்று என்று நாய்க்கு எப்படித் தெரியும்? எந்த மொழியானாலும் சரி, வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னபடி செய்தால் தட்டிக் கொடுத்து ஒரு துண்டுத் தின்பண்டம் தர வேண்டும். தடி எடுப்பது வீண். டாபர்மேன் உணர்ச்சி மிகுந்த பிராணி. அடிபட்டு வளர்ந்தால் ஒன்று கோழையாகும், இல்லையென்றால் கடிக்கும். கோழை நாயும் கடிக்கத்தான் செய்யும்.

குட்டியாக இருக்கும் முதல் நாலைந்து மாதங்களே மிக முக்கியம். தடுப்பூசி போடும் வைத்தியரைக் கேட்டு, கையில் தூக்கிக்கொண்டாவது நாலு இடம் காட்ட வேண்டும். குடை, ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், வேஷ்டி கட்டியவர், தலைக்கவசம் போட்டவர், மிக்சிச் சத்தம் ஆகிய எல்லாவற்றையும் அந்த வயதில் பார்த்துக் கேட்டுப் பழகிய நாய் பின்னால் எதைக் கண்டும் மிரளாது. நான்கு சுவருக்குள் வளர்ந்த நாய்க்கு உலகமே எதிரி.

குழந்தைகள் உள்ள வீட்டில்

நன்றாகப் பழகிய டாபர்மேன் குழந்தைகளிடம் மிகவும் பிரியமாக இருக்கும். ஆனாலும் நாய் எவ்வளவு சாதுவானாலும் சிறு குழந்தையையும் அதையும் தனியே விட்டுப் போகக்கூடாது. 40 கிலோ எடையுள்ள பிராணி விளையாட்டாக இடித்தாலே குழந்தை விழுந்துவிடும். நாய் சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டிகளோடு இருக்கும்போது கிட்டே போகக்கூடாது என்பதைக் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டும். காதைப் பிடித்து இழுப்பது, முதுகில் ஏறுவது எல்லாம் கண்டிப்பாகக் கூடாது. நாயைப் பழக்குவது பாதி என்றால் பிள்ளைகளைப் பழக்குவது மறு பாதி.

வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, வைத்தியர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பக்கூடாது. நோய் கண்டுவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. கழுத்துப் பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண்ணும், சென்னை போன்ற நகரங்களில் மாநகராட்சி உரிமமும் இருக்க வேண்டும்.

சாப்பாடும் வெயிலும்

குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. மிச்சமான சாம்பார் சாதத்தைக் கொட்டி இந்த நாயை வளர்க்க முடியாது. இறைச்சி, முட்டை ஆகியவற்றோடு அளவான சோறு, அல்லது தரமான நாய் உணவு வேண்டும். வெங்காயம், சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம். பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் அப்படியே. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும்.

மார்பு ஆழமான இந்த ஜாதி நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே சாப்பிட்டவுடன் ஓட விடக்கூடாது. வயிறு திடீரென்று வீங்கி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் ஒன்றும் வெளிவராமல் நாய் தவித்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். மணிக்கணக்கில் உயிர் போய்விடும்.

கறுப்பு உடம்பு வெயிலை வாங்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசி மாதங்களில் விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் நடை. தார்ச் சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. ரோமம் குட்டையானதால் குளிரும் தாங்காது. மார்கழியில் வெறுந்தரையில் படுக்க விடாமல் ஒரு கோணியோ மெத்தையோ போட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் நாய்களைப் பாடாய்ப் படுத்தும் நோய். காதிடுக்கு, விரலிடுக்கு இவற்றைத் தினமும் பார்ப்பது அவசியம்.

பலவீனம் இதயத்தில்

இவ்வளவு கம்பீரமான பிராணிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது இதயத்தில் இருக்கிறது. இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துபோகும் நோய் இந்த ஜாதியைப் பரம்பரையாகத் தொடர்கிறது. ஐரோப்பிய டாபர்மேன்கள் 412-ஐப் பரிசோதித்து 2010-ல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் பாதிக்கு மேற்பட்ட நாய்களை இந்நோய் பிடிக்கிறது என்று காட்டியது. பல நாய்களில் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. நேற்றுவரை துள்ளிய நாய் திடீரென்று மயங்கி விழும். சில எழுந்திருப்பதே இல்லை.

ஆனால் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை இதயத்தை ஸ்கேன் செய்வதும், வசதி உள்ள இடத்தில் 24 மணி நேர இதயத் துடிப்புப் பதிவு எடுப்பதும் நோயை முன்கூட்டியே காட்டிவிடும். அப்படிக் கண்டுபிடித்த நாய்களுக்குப் பிமோபென்டான் என்ற மருந்து தந்து பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. மருந்து பெற்ற நாய்களுக்கு நோய் முற்றுவது ஏறத்தாழ ஒன்பது மாதம் தள்ளிப்போயிற்று. சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டே வாழும் பிராணிக்கு ஒன்பது மாதம் சிறிய காலம் அன்று. ரத்தம் எளிதில் உறையாத குறையும் இந்த ஜாதியில் உண்டு. எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் இதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் குட்டி வாங்கும் இடம் முக்கியமாகிறது. ‘நாய் விற்ற காசு குரைக்காது’ என்ற துணிச்சலில் எதை எதோடு சேர்த்து விற்றாலும் விலை போகிறது. வாங்குகிறவர் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் இதயப் பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கக்கூடாது. பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வருவதே மேல்.

காதை நறுக்கி, வாலை வெட்டிக் கொடுப்பதை அழகு என்று கருதுவோரும் இருக்கிறார்கள். இந்த நாய் பிறந்த ஜெர்மனியிலேயே காது நறுக்குவது 1987-லும், வால் வெட்டுவது 1998-லும் தடை செய்யப்பட்டன. நாய் தன் மகிழ்ச்சியைச் சொல்வது வாலால். பயத்தைச் சொல்வது காதால். அந்த இரண்டையும் வெட்டிவிட்டால் குழந்தைகள் அதன் மனத்தை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்?

யோசித்து முடிவு செய்க

கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீட்டுக்கு டாபர்மேன் ஏற்றதன்று. நடக்க முடியாத முதியவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் ஏற்றதன்று. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக வாங்குவது எல்லாவற்றிலும் மோசம். நாய்தான் வேண்டும், வெயிலைத் தாங்க வேண்டும் என்றால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று இந்த மண்ணிலேயே பிறந்த ஜாதிகள் இருக்கின்றன. அவையும் சங்கிலிக்காகப் பிறந்தவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நேரமும் இடமும் மனமும் உள்ள குடும்பத்துக்கு இந்த நாயைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. பிள்ளை படிக்கும்போது மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். பாட்டி மாடி ஏறினால் பின்னாலேயே ஏறும். நள்ளிரவில் கதவருகே ஒரு சத்தம் கேட்டால், வீட்டார் விழிப்பதற்கு முன் அது எழுந்து நிற்கும். அதற்குப் பதிலாக அது கேட்பது சோறும், நடையும், ஒரு சொல்லும், கூட இருக்க ஓர் இடமும்தான்.

‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகையை மாட்டும் முன் வீட்டுக்காரர் அதை ஒரு முறை தமக்கே படித்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒரு நாய் இருக்கிறது; அதை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதற்குப் பொருள் உண்டு.